வல்லான் வகுத்த வாய்க்கால்

கல்முனையை விட்டு மேற்கே சென்று கிட்டங்கித் தாம்போதியைக் கடப்போர்க்கு முதலிற் புலப்படுவது நீர். அதன்பின் புலப்படுவது நெல். மாரி காலத்தில் அத்தாம்போதியின் மேல் வெள்ளம் பாயும். ஆசிரியரும் மாணவரும் கைகோத்துக்கொண்டு அதைக் கடந்த நாட்கள் பல. அக்கரையில் விரிந்து கிடக்கும் வயல்வட்டைகளுக்கு நடுவே இருக்கிறது நாவிதன்வெளி. தமிழரும் முஸ்லிம்களும் வரப்புக்கு வரப்பு அயலவராய் வேளாண்மை செய்யும் பகுதி அது. என் வாப்பா விட்டுச் சென்ற காணித்துண்டும் அங்கேதான் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வர்த்தகமும் கணக்கீடும் கற்பித்து ஓய்வு பெற்ற நான், இப்போது அந்தக் காணியின் வரவு செலவை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2025 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் வாரம். நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. சிறுபோக விதைப்புக்கென விதைநெல்லை மரைக்காலால் அளந்துகொண்டிருந்தேன். என்னிடம் கணக்கீடு படித்த பெண்ணொருத்தி, பெருநாள் விடுமுறையில் ஊருக்கு வந்தவள், என்னைப் பார்க்க வந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஊரார் சொல்வதுபோலச் சொன்னால், ‘காமெண்ட்’ வேலை. அவளுடைய சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். வந்தவள் நலம் விசாரித்து முடிக்குமுன்பே கேட்டாள்:

“சேர், அமெரிக்காவில எங்கட சாமானுக்கு நாற்பத்து நாலு வீதம் வரி எண்டு சொல்றாங்களே, அது எந்தக் கணக்கில வந்தது? நாங்க தைச்சதில ஏதும் பிழையா?”

“அது பெரிய நாடுகளின்ட சண்டை, மகள். எங்களுக்கு விளங்காது” என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு என் மனம் அமைதியுறவில்லை. கணக்குக் கற்பித்தவனிடம் மாணவி ஒரு கணக்கைக் கேட்டாள். அவனோ விளங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஆசிரியன் செய்யத்தகாத செயல் அது. அன்று நான் கொடுத்திருக்கவேண்டிய விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

நாற்பத்து நான்கு பிறந்த கதை

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். அது பிறந்த கணக்கு, எட்டாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்கு. 2024 ஆம் ஆண்டில் இலங்கை அமெரிக்காவுக்கு விற்ற பொருள்களின் பெறுமதி ஏறத்தாழ 300 கோடி டொலர். அமெரிக்காவிடமிருந்து இலங்கை வாங்கிய பொருள்களின் பெறுமதி ஏறத்தாழ 37 கோடி டொலர். வித்தியாசம் 263 கோடி. அந்த வித்தியாசத்தை 300 கோடியால் வகுத்தால் கிடைப்பது 88 வீதம். இலங்கை அமெரிக்காவின் மேல் விதிக்கும் சுமை இதுவே என்று அமெரிக்க அரசு எழுதிக்கொண்டது. அதன்பின் சலுகை காட்டுவதாகச் சொல்லி அதைச் சரிபாதியாக்கியது. அதுவே 44. ஏப்பிரல் 2 ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அவ்வெண், பேச்சுவார்த்தைகளின் பின் ஜூலையில் 30 ஆகி, ஓகஸ்ட் 7 இலிருந்து 20 ஆனது. ஆயினும் இக்கட்டுரை அவ்வெண் ஏறி இறங்கியதைப் பற்றியதன்று. அது பிறந்த விதத்தைப் பற்றியது.

இந்தக் கணக்கில் இலங்கை உண்மையில் வசூலிக்கும் சுங்கவரி எங்கே? அது கணக்கில் இடம்பெறவே இல்லை. ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு அதிகம் விற்றுக் குறைவாக வாங்கினால், அங்கே சூது இருக்கவேண்டும் என்பதே இக்கணக்கின் அடிப்படை. நாவிதன்வெளியிலிருந்து கல்முனைச் சந்தைக்கு நெல் கொண்டுபோகும் கமக்காரன் நெல் ஆலைக்காரருக்கு விற்கிறான். ஆலைக்காரரிடம் அவன் ஒன்றும் வாங்குவதில்லை. மருந்துக் கடைக்காரரிடம் வாங்குகிறான்; அவருக்கு ஒன்றும் விற்பதில்லை. ஆலைக்காரர் ஒருநாள் வந்து, “நீ என்னிடம் ஒன்றும் வாங்கவில்லை, ஆகவே நீ என்னை ஏமாற்றுகிறாய்” என்று சொன்னால் ஊர் சிரிக்கும். நாடுகளுக்கிடையே அதே பேச்சு எழும்போது எவரும் சிரிப்பதில்லை. ஏனெனில் பேசுகிறவர் வல்லவர்.

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பது எங்கள் வட்டைகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. மேல்வயற்காரன் வக்கடையைத் தன் பக்கம் வெட்டிவிட்டால், கீழ்வயற்காரன் மண்வெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீதி கேட்கவேண்டுமானால் வட்டவிதானையிடம் போகவேண்டும். உலக வணிகத்துக்கும் ஒரு வட்டவிதானை இருந்தார். உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு அமைப்பே அது. அதற்குப் புதிய உறுப்பினரை நியமிக்க அமெரிக்கா இணங்காமையால், 2019 டிசம்பரிலிருந்து அவ்வமைப்பு செயலற்றுப் போயிற்று. அப்படியானால், வாய்க்காலை வகுப்பவர் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஏட்டில் ஏறாத வரவு

கணக்கீட்டின் முதற் பாடம் இரட்டைப் பதிவு. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு செலவு உண்டு. ஒன்றை எழுதி மற்றதை விட்டால் ஏடு பொய் பேசும். மேற்சொன்ன கணக்கில் விடுபட்டுப்போன பதிவு எது? கப்பலேறும் பொருள்கள் மட்டுமே அங்கே எண்ணப்பட்டன. சேவைகள் எண்ணப்படவில்லை. மென்பொருள், திரைப்படம், வங்கிச் சேவை, வணிகப் பெயர், கண்டுபிடிப்புகளின் உரிமைக் கட்டணம் ஆகியவை அந்த ஏட்டில் ஏறவில்லை. 2024 இல் சேவைத் துறையில் உலகத்தோடு அமெரிக்கா கண்ட மிகை 25,000 கோடி டொலருக்கும் மேல். அறிவுச்சொத்துக்கான கட்டணமாக மட்டும் அந்நாடு பிறநாடுகளிடம் ஆண்டொன்றுக்கு 10,000 கோடி டொலருக்கு மேல் பெறுகிறது. பொருளில் நட்டம் என்று முறையிடும் நாடு, அறிவில் இலாபம் ஈட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றைப் பேசி மற்றதைப் பேசாதிருப்பது ஏட்டின் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டுவதாகும்.

என் மாணவி தைக்கும் சட்டையையே எடுத்துக்கொள்ளலாம். துணி பெரும்பாலும் சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருகிறது. வெட்டித் தைப்பது எங்கள் பிள்ளைகளின் கை. அச்சட்டையின் கழுத்திற் பொறிக்கப்படும் பெயர் அமெரிக்கக் கம்பனியின் சொத்து. வடிவமும் அதன் சொத்து. கடையில் விற்கும்போது கிடைக்கும் இலாபத்தின் பெரும்பங்கும் அங்கேயே தங்குகிறது. ஆயினும் துறைமுகத்துப் பேரேட்டில், துணியின் விலையும் தையற்கூலியும் ஒன்றாகச் சேர்ந்து ‘இலங்கையின் ஏற்றுமதி’ என்றே பதிவாகும்.

இதே புதிரைப் பெரிய அளவிற் காட்டும் உதாரணம் ஒன்றுண்டு. 2009 இல் சீனாவிற் பூட்டப்பட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஐபோன் ஒன்றின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 179 டொலர். அதிற் சீனத் தொழிலாளரின் பூட்டற்கூலியாகச் சேர்ந்தது ஏறத்தாழ 6 டொலர் 50 சதம் மட்டுமே என்று, 2010 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. எஞ்சிய உறுப்புகள் யப்பான், கொரியா, ஜேர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை. பேரேட்டிலோ 179 டொலரும் சீனாவின் வரவு.

அமெரிக்காவின் குறை முழுவதும் வெறும் சாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. 2018 இல் சீனாவோடு அந்நாட்டுக்கு இருந்த பொருள் வணிகப் பற்றாக்குறை ஏறத்தாழ 42,000 கோடி டொலர். அதனினும் கனமான குற்றச்சாட்டு ஒன்றும் இருந்தது. சீனாவில் தொழில் தொடங்க விரும்பிய அந்நியக் கம்பனிகள் உள்நாட்டுப் பங்காளியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வழியாகத் தம் தொழில் இரகசியங்களைக் கையளிக்கும் நெருக்கடிக்கு ஆளாயின. கணினிகளுள் ஊடுருவியும் இரகசியங்கள் எடுக்கப்பட்டன என்று, 1974 ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் 301 ஆம் பிரிவின்படி நடந்த விசாரணையின் அறிக்கை 2018 மார்ச்சில் கூறியது. இவற்றுட் பலவற்றுக்குச் சான்றும் உண்டு. அந்த ஆண்டு ஜூலை 6 ஆம் நாள், 3,400 கோடி டொலர் பெறுமதியான சீனப் பொருள்களின் மேல் 25 வீத வரி விழுந்தது. சீனா அன்றே பதிலடி கொடுத்தது.

2020 ஜனவரி 15 இல் இரு நாடுகளும் முதற்கட்ட உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. அதன் முதல் அதிகாரம் எதைப் பற்றியது தெரியுமா? அறிவுச்சொத்தைப் பற்றியது. அமெரிக்கப் பொருள்களை 2017 இன் அளவுக்கு மேலாக, இரண்டாண்டுகளில் மேலும் 20,000 கோடி டொலருக்கு வாங்குவதாகவும் சீனா அதிலே வாக்களித்தது. ஒப்புக்கொண்ட மொத்தக் கொள்வனவில் அறுபது வீதங்கூட நிறைவேறவில்லை. பெருநோய்க் காலம் அதற்கு ஒரு காரணம்; ஆனால், இன்ன பொருளை இத்தனை வாங்கவேண்டும் என்று கட்டளையிட்டு ஒரு வணிகத்தைச் சமப்படுத்துதல் எளிதன்று என்பதே அதன் பாடம்.

களவும் பட்டமும்

அறிவைக் களவெடுத்தல் என்பது இன்றைய குற்றச்சாட்டு; ஆனால் செயல் பழையது. இன்று நீதி பேசுவோரின் மூதாதையர் நேற்று என்ன செய்தனர் என்பதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பருத்தி நூற்கும் யந்திரத்தின் இரகசியம் பிரித்தானியாவின் சொத்து. அதன் படத்தையோ, அதில் தேர்ந்த தொழிலாளியையோ நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்லச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1789 இல் சாமுவேல் சிலேற்றர் என்னும் இளைஞன் யந்திரத்தின் அமைப்பை நினைவிலே சுமந்துகொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் போட்டக்கட்டில் அவன் கட்டியெழுப்பிய ஆலையே அந்நாட்டின் நூற்பாலைத் தொழிலுக்கு வித்து. அமெரிக்கர் அவனைத் தம் தொழிற்புரட்சியின் தந்தை என்றனர். இங்கிலாந்தில் அவன் பிறந்த ஊராரோ துரோகி என்றனர். பிறநாட்டு எழுத்தாளரின் நூல்களுக்கு அமெரிக்கா பதிப்புரிமை வழங்கியது 1891 இலேதான். அதற்கு முன் ஆங்கில நாவல்களை அந்நாட்டுப் பதிப்பாளர் விருப்பம்போல் அச்சிட்டு விற்றனர். 1842 இல் அங்கே சென்ற சார்ள்ஸ் டிக்கன்ஸ் இதுபற்றி முறையிட்டும் பயனில்லை.

பிரித்தானியாவின் கைகளும் தூய்மையானவை அல்ல. சீனத்துத் தேயிலைக்கு வெள்ளியாக விலை கொடுத்துக் கொடுத்து அதன் கருவூலம் இளைத்தது. அதுவும் ஒரு வணிகப் பற்றாக்குறையே. அதைத் தீர்க்க அது கண்ட மருந்து இந்தியாவில் விளைந்த அபினி. சீனம் அபினியைத் தடுத்தபோது போர் மூண்டது. 1842 இல் நாங்கிங் உடன்படிக்கையின்படி ஹொங்கொங் கைமாறியது. அது போதாதென்று 1848 இல் கிழக்கிந்தியக் கம்பனி ரொபேட் போர்ச்சூன் என்னும் தாவரவியலாளரை அனுப்பியது. அவர் சீன உடை தரித்து, சீனரல்லாதார் புகமுடியாத உட்பிரதேசங்களுட் புகுந்து, தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும், பதனிடும் தொழில் அறிந்தவர்களையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 1876 இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலின் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே முளைத்தவற்றுட் பெரும்பகுதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகள், இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் இந்த விதைக்கூட்டத்திலிருந்தே பெருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிய இறப்பர் சந்தைக்கு வந்தபோது, பிரேசிலின் இறப்பர்ச் செல்வம் சரிந்தது. அன்றைய சட்டப்படி அது களவா அன்றா என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுவர். பிரேசில் மக்கள் அதைக் களவென்றே நினைவில் வைத்திருக்கின்றனர். பிரித்தானிய அரசோ 1920 இல் விக்கமுக்குச் ‘சேர்’ பட்டம் வழங்கியது.

இதோடு சேர்த்து மற்றொரு நிகழ்ச்சியை வைத்துப் பார்க்க வேண்டும். 2011 மே மாதம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வயலொன்றில், சீன நாட்டவர் ஒருவர் முழங்காலிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்ததை வயல் மேற்பார்வையாளர் கண்டார். அங்கே விதைக்கப்பட்டிருந்தவை ஒரு விதைக் கம்பனியின் இரகசியச் சோளப் பெற்றோர் விதைகள். பல ஆண்டு விசாரணையின் பின் அந்தச் சீனர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016 இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

விதை எடுத்தவர் இருவர். ஒருவருக்குப் பட்டம், மற்றவருக்குச் சிறை. சோள விதையை எடுத்தது சரியென்று நான் வாதாடவில்லை. பிறர் உழைப்பால் விளைந்ததை மறைவில் எடுப்பது களவு. களவைக் களவென்றே சொல்வோம். ஆனால் எல்லார்க்கும் சொல்வோம். அறிவு இல்லாத காலத்தில், ‘அறிவு எல்லார்க்கும் பொது’ என்பதும், அறிவு கைக்கு வந்தபின், ‘இது என் சொத்து, வேலி தாண்டாதே’ என்பதும் பெருநாடுகளின் பழக்கம். சீனமும் இப்போது அதே படியில் ஏறிக்கொண்டிருக்கிறது. 2019 இல் சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பங்களில் அமெரிக்காவை முந்திய நாடு அது. நாளை வேலி கட்டிக் காவல் வைப்பதில் அதுவே முதலில் நிற்கும்.

இறப்பரும் அரிசியும்

இத்தகைய பெருநாட்டுச் சண்டையின் நடுவே இலங்கை அகப்படுவது இது முதல் தடவையன்று. விக்கம் கொணர்ந்த அந்த விதையே ஒருமுறை எங்களுக்குச் சோறு போட்டது.

1952 ஆம் ஆண்டு. கொரியப் போரால் ஏறியிருந்த இறப்பர் விலை சரிந்துவிட்டது. உலகச் சந்தையில் அரிசி அருகி, விலை உயர்ந்தது. உண்ணும் அரிசியிற் பெரும்பகுதியை வெளிநாட்டில் வாங்கிய இலங்கைக்கு இரு பக்கமும் இடி. விற்பது மலிவு, வாங்குவது மிகை. இதைவிடத் தெளிவான வணிகச் சமமின்மை வேண்டுமா? அமெரிக்காவோடு பேசியும் ஏற்ற விலைக்கு இணக்கம் வரவில்லை. சீனமோ இறப்பர் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது. சீனத்துக்குப் போர்த்தேவைப் பொருள்களை விற்கலாகாது என்று 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்திருந்தது. இலங்கை அச்சபையில் உறுப்புரிமை பெற்றது 1955 இல் என்பதால், அத்தீர்மானம் இலங்கையைக் கட்டவில்லை. ஆனால், அத்தகைய பொருள்களை விற்கும் நாடுகளுக்கு உதவி இல்லை என்ற அமெரிக்கச் சட்டம் இருந்தது.

டட்லி சேனநாயக்காவின் அரசு கம்யூனிசத்தை எதிர்த்த அரசு. பீக்கிங்கோடு அதற்குத் தூதுறவுகூட இல்லை. அது ஏற்பட்டது 1957 இல். இருந்தும் வணிக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்கா அங்கே சென்றார். 1952 டிசம்பர் 18 இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் இறப்பர் கொடுக்கும். சீனம் 2,70,000 தொன் அரிசி கொடுக்கும். இறப்பருக்குச் சந்தை விலையினும் மேலான விலை கிடைத்தது. அமெரிக்க உதவி சில ஆண்டுகள் கிடைக்காமற் போயிற்று. அதற்கு அஞ்சி அரசு பின்வாங்கவில்லை.

அந்த அரிசியை உண்டு வளர்ந்தவன் நான். கூப்பன் புத்தகத்தைக் கையிற் கொடுத்து உம்மா என்னைச் சங்கக் கடைக்கு அனுப்புவார். எந்த நாட்டு அரிசி என்று வீட்டில் எவரும் கேட்டதில்லை. அளவு சரியா என்பதே கேள்வி. ஒப்பந்தம் பசியை ஒரே நாளில் ஓட்டிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1953 இல் கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். வெளியே நல்ல பேரம் பேசிய அரசு, உள்ளே ஏழையின் கலயத்தைக் கவனியாவிட்டால் நிலைக்காது என்பதற்கு அதுவே சான்று.

அதே ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் நடந்தது என்ன? இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்து அணை எழுந்தது. அதைக் கட்டியது மொரிசன் நுட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி. நாவிதன்வெளிப் பகுதியின் வயல்களுக்குப் பாயும் இடதுகரை வாய்க்காலின் நீர் அந்த அணையிலிருந்து வருவது. அக்குடியேற்றத் திட்டத்தோடு வந்த மனக்கசப்புகளும், 1956 இல் அங்கே சிந்திய இரத்தமும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே நான் சொல்ல வருவது இதுதான்: அமெரிக்கரின் பொறியியலறிவால் நீர் வந்தது, சீனரின் அரிசியால் இடைக்காலப் பசி தணிந்தது, பிரேசிலின் விதையால் அந்த அரிசிக்கு விலை கொடுக்கப்பட்டது. எந்த நாட்டின் வாழ்வும் தனித்து விளைந்ததன்று. ‘எனக்கு நீ கடன்பட்டாய்’ என்று ஒரு நாடு மற்றொன்றின் கழுத்தைப் பிடிக்கும்போது, ஏட்டின் பழைய பக்கங்களையும் புரட்டிப் பார்க்கவேண்டும்.

கையிலுள்ள விதை

1952 இல் இலங்கை நிமிர்ந்து பேசியது எதனால்? இரு தரப்பும் வேண்டிய பொருளொன்று அதன் கையில் இருந்தது. எவரிடம் விற்பது என்பதைத் தானே தீர்மானிக்கும் துணிவும் இருந்தது. இன்று எங்கள் கையில் இருப்பவை எவை?

ஒன்று, விதை. 1950 களின் பிற்பகுதியில் எச்-4 என்னும் நெல்லினத்தை எங்கள் விவசாயத் திணைக்களமே உருவாக்கிற்று. அதன்பின் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பி.ஜி. என்ற பெயரோடு வந்த இனங்கள் எங்கள் வட்டைகளை நிறைத்தன. பொதுப் பணத்தில் பிறந்த அறிவு அது. அறுவடையில் ஒரு பங்கை விதைக்கு எடுத்துவைக்கும் கமக்காரனிடம் உரிமைக் கட்டணம் கேட்டு எவரும் வரப்பில் வந்து நின்றதில்லை. பெருநாட்டுப் பேச்சுவார்த்தை மேசைகளில் அறிவுச்சொத்து முதல் அதிகாரமாகிவிட்ட காலத்தில், இந்தச் சுதந்திரம் எத்தனை அரியது என்பதை நாம் உணரவேண்டும். கையொப்பமிடும் எந்த உடன்படிக்கையிலும் விதையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

மற்றொன்று, பெயர். கறுவா என்றால் இலங்கை என்று உலகம் பல நூற்றாண்டுகளாக அறியும். ஆயினும் ‘சிலோன் கறுவா’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு கிடைத்தது 2022 இலேதான். அறிவுச்சொத்துச் சட்டம் வல்லவரின் ஆயுதம் மட்டுமன்று என்பதற்கு இது சிறு சான்று. கற்றறிந்து, ஆவணம் சேர்த்து, உரிய வாயிலில் நின்று கேட்டால் எளியவருக்கும் அது வேலியாகும். கேளாதவருக்கு எவரும் வேலி கட்டித் தருவதில்லை.

மூன்றாவது, கணக்கை வாசிக்கும் அறிவு. ஆசிரிய நண்பர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: சென்மதி நிலுவை என்ற பாடத்தைப் பரீட்சைக்கு மனனம் செய்விப்பதோடு விட்டுவிடாதீர்கள். மாணவர் அணிந்திருக்கும் சட்டையைக் காட்டி, இதன் துணி எவருடையது, தையல் எவருடையது, பெயர் எவருடையது, இலாபம் எவருடையது என்று நான்கு கேள்வி கேளுங்கள். அந்த நான்கு விடைகளையும் எழுதத் தெரிந்த மாணவன், நாளை வெளிநாட்டார் எதிரே அமர்ந்து பேசும்போது ஏமாறமாட்டான்.

அந்தப் பெண் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மீண்டும் வந்தாள். மேலதிக நேர வேலை குறைந்துவிட்டது என்றாள். இம்முறை நான் அவளை இருத்தி, ஒரு தாளில் 300 ஐயும் 37 ஐயும் எழுதிக் கொடுத்து, கழிக்கச் சொன்னேன், வகுக்கச் சொன்னேன், பாதியாக்கச் சொன்னேன். விடை 44 என்று வந்தபோது அவள் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவுதானா சேர்? அப்ப எங்கட தையல்ல பிழை இல்லை.”

“தையலிற் பிழை இல்லை, மகள். அன்று நான் சொன்ன விடையிலதான் பிழை.”

அவளுடைய வேலையை என் விடை காப்பாற்றிவிடாது. ஆனால், தன் மேல் விழுந்த சுமை தன் குற்றத்தால் விழுந்ததன்று என்று அறிவதும் ஒரு பலம். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், தம்பிக்குக் காட்டவேண்டுமாம்.

அன்று மாலை அயல்வயற்காரர் வந்தார். தம் வயலில் இந்த இனம் நன்றாய் நிற்கவில்லை, அடுத்த போகத்துக்கு என் விதையில் ஒரு மூடை வேண்டும் என்றார். அவர் தமிழர், நான் முஸ்லிம். முன்பொருமுறை வெள்ளத்தில் என் விதை அழிந்தபோது அவர் வாசலில் நின்று நான் வாங்கியிருக்கிறேன். அறுவடை முடிந்ததும் தருவதாக ஒப்புக்கொண்டேன். என் கணக்குப் புத்தகத்தில் அதற்கொரு வரி எழுதினேன். அதன் கீழே, பல ஆண்டுகளுக்கு முன் அவர் எனக்குத் தந்த மூடையையும் மறவாமல் எழுதினேன்.